கல்லுப்பில் இல்லாத கடல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீடு. முன்கூடத்தில் குழித்தறி. அதை ஒட்டிய அறையில், கல்லூரியில் படிக்கும் மகன் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து நீல விளக்கு மாட்டியிருக்கிறான். அவன் ஆசை வண்ண மீன் அல்ல, பவளம். தொட்டிக்குள் இப்போதைக்குத் தண்ணீரும் சில பாறைத் துண்டுகளும் மட்டுமே. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய வெள்ளைத் தூள்: பவளத் தொட்டிக்கென்றே வெளிநாட்டில் தயாராகும் கடலுப்புக் கலவை. அதன் விலையைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு ஒரு சந்தேகம். நான் போயிருந்த அன்று என்னிடம் கேட்டார்.

"சார், கடல் தண்ணியக் காயவச்சுத்தானே உப்பு எடுக்கறாங்க? அந்தக் கல்லுப்பையே திரும்பத் தண்ணியில கரைச்சா கடல் தண்ணி வந்துடாதா?"

நல்ல கேள்வி. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பைக் கரைத்து நாக்கில் வைத்தால் கிட்டத்தட்டக் கடல்போலவே கரிக்கும். ஆனால் அதில் பவளத்தை வைத்தால் பிழைக்காது. ஏன் என்று தெரிய, தூத்துக்குடி உப்பளத்துக்குப் போக வேண்டும்.

உப்பளத்தில் நடப்பது வெறும் காயவைத்தல் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே நடப்பது பிரித்தெடுத்தல். கடல் நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப் போக வெயிலில் சுண்டிக்கொண்டே வரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொருள் தண்ணீரை விட்டு இறங்கிவிடும். ஏறக்குறையப் பாதியாகச் சுண்டும்போது முதலில் இறங்குவது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லின் பொருள். ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம் படியும். அதுவும் கால்சியம்தான், சல்ஃபேட்டோடு சேர்ந்தது. பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு பூக்க ஆரம்பிக்கும். அது படிந்து முடிந்ததும் மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு எல்லாம் அந்தக் கசப்போடு வெளியே போய்விடும். இந்த வரிசையை 1849-ல் மத்தியதரைக் கடல் நீரைப் படிப்படியாகச் சுண்டவைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் படிந்ததை நிறுத்துப் பார்த்து எழுதிவைத்தவர் உசிலியோ என்ற இத்தாலிய வேதியியலாளர். நம் உப்பளத் தொழிலாளர்களும் உப்பு நீரின் 'டிகிரி' பார்த்துத்தான் பாத்தி மாற்றுகிறார்கள். அதே அறிவு, கையில் இருக்கும் கருவி மட்டும் வேறு.

ஆக, கல்லுப்பு என்பது கால்சியத்தை முதலிலும் மக்னீசியத்தைக் கடைசியிலும் விட்டுவிட்டு வந்த கடல். உணவுக்கு அது நல்லது. கசப்பு போனால்தான் சாம்பாருக்கு ஆகும். பவளத்துக்கோ, போனதுதான் வேண்டும்.

கணக்கில் பார்த்தால் போனது கொஞ்சம்தான். ஒரு கிலோ கடல் நீரில் இருக்கும் 35 கிராம் உப்பில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 10.8 கிராம், சல்ஃபேட் 2.7, மக்னீசியம் 1.3. கால்சியம் வெறும் 0.4 கிராம், பொட்டாசியமும் ஏறக்குறைய அவ்வளவே. மற்ற எல்லாம் சேர்ந்தும் கால் கிராம் தேறாது. மொத்த உப்பில் கால்சியம் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குகூட இல்லை. இவ்வளவு சொற்பமானது போனால் என்ன என்று கேட்கலாம். காஞ்சிபுரத்துக்காரர் கேட்க மாட்டார். அசல் சரிகையில் வெள்ளி சுமார் 57 விழுக்காடு, தங்கம் 0.6 விழுக்காடு. அந்தத் துளித் தங்கம் இல்லாத சரிகையை யாரும் அசல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பவளம் அந்தத் துளிக் கால்சியத்தை வைத்து என்ன செய்கிறது? வீடு கட்டுகிறது. பவளம் என்பது கல்லும் அல்ல, செடியும் அல்ல. மிளகு அளவிலும் அதற்குச் சிறிதாகவும் உள்ள உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் கூட்டம் அது. ஒவ்வொன்றும் தன் அடியில் கால்சியம் கார்பனேட்டைப் படிய வைத்து எழும்பிக்கொண்டே போகும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, ஒரு மணி நேரம் தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். ஸ்ட்ரா வைத்து அதற்குள் மூச்சை ஊதுங்கள். உறிஞ்சிவிடக் கூடாது, வாய் வெந்துவிடும். சில நொடிகளில் தண்ணீர் பால்போல் வெளுக்கும். மூச்சிலிருந்த கரியமில வாயு, சுண்ணாம்பு நீரிலிருந்த கால்சியத்தோடு சேர்ந்து கார்பனேட் ஆகிவிட்டது. குவளையில் அது தாறுமாறாக நடக்கிறது. பவளத்தில் அதே சேர்க்கை, மெதுவாக, ஒழுங்காக, ஓர் உயிரின் கட்டுப்பாட்டில் நடக்கிறது.

ஆகவே பவளத்துக்கு இரண்டு இழைகள் வேண்டும். ஒன்று கால்சியம். மற்றொன்று கார்பனேட்டும் அதன் உடன்பிறப்பான பைகார்பனேட்டும். இந்த இரண்டாவது இருப்பைத்தான் வேதியியலில் காரத்தன்மை என்கிறார்கள். காரம் என்றதும் மிளகாய் நினைவுக்கு வந்து குழப்புவதால், நான் இதைக் 'காரச் சேமிப்பு' என்று சொல்ல விரும்புகிறேன். தண்ணீரில் அமிலம் சேரச் சேர அதைத் தாங்கிக்கொள்ள எவ்வளவு கையிருப்பு உண்டு என்பதே அதன் பொருள். நெசவு மொழியில் சொன்னால் கால்சியம் பாவு, காரச் சேமிப்பு ஊடை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சேலை இல்லை.

இது வெறும் உவமை அல்ல, அளந்து பார்த்த விஷயம். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடி மாளிகைக்குள் 26 லட்சம் லிட்டர் கொள்ளளவில் ஒரு செயற்கைக் கடல் இருந்தது, பவளத்தோடு. கிறிஸ் லாங்டனும் சகாக்களும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்த நீரின் கால்சியத்தையும் கார்பனேட்டையும் வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். 2000-ல் வெளியிட்ட முடிவு தெளிவானது: பவளக் கூட்டத்தின் கல் கட்டும் வேகம், இந்த இரண்டின் பெருக்கலை ஒட்டியே ஏறி இறங்கியது. கரியமில வாயு மிகுந்து கடலில் கார்பனேட் குறைந்தால் பவளத்துக்கு என்ன ஆகும் என்ற உலகக் கவலைக்கும் அந்தப் பாலைவனத் தொட்டி முக்கியமான சான்றானது.

இனி வாளிக்கு வருவோம். தொட்டி வைப்பவர்கள் வழக்கமாக ஒரே ஓர் அளவைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள்: உப்புச் செறிவு. அதற்கு ஒளிவிலகல்மானி என்ற சின்னக் குழாய்க் கருவி இருக்கிறது. அதன் கண்ணாடி மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் ஒரு கோடு. கோடு 35-ல் நின்றால் சரி என்பார்கள். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் போடுவதைப் போன்ற வேலைதான் இது. லாக்டோமீட்டரை ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்று பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும். கல்லுப்பைக் கரைத்தாலும் இந்தக் கோடு 35-ல் அழகாக வந்து நிற்கும்.

கடலில் மட்டும் அந்த ஒற்றை அளவு போதும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் பல கடல்களிலிருந்து நீரைப் புட்டியில் அடைத்துக் கொண்டுவந்தது. அவற்றில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்து 1884-ல் முடிவை வெளியிட்டார். உப்பு கூடக்குறைய இருந்தாலும், உப்புக்குள் இருக்கும் முக்கியப் பொருள்களின் விகிதம் எல்லாக் கடலிலும் ஏறக்குறைய ஒன்றே. சாம்பார் பொடியைக் கெட்டியாகக் கரைத்தாலும் நீர்க்கக் கரைத்தாலும் மிளகாய்க்கும் தனியாவுக்கும் உள்ள விகிதம் மாறாது அல்லவா, அதுபோல. கடல்கள் ஒன்றோடொன்று கலந்துகொண்டே இருப்பதால் வந்த சமநிலை இது. அதனால் கடலில் ஒன்றை அளந்தால் மற்றவை தெரிந்துவிடும். வாளியில் அப்படி இல்லை. அங்கே பொடி அரைத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். கால்சியம், மக்னீசியம், காரச் சேமிப்பு மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மனிதர் கையால் கடலைக் கலக்கிய முயற்சிக்கு வயது 170 ஆண்டுகளுக்கு மேல். லண்டனில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 1854-ல் நான்கே பொருள்களில் ஒரு செய்முறை தந்தார்: சமையல் உப்பு, பேதி உப்பு என்று நாம் சொல்லும் மக்னீசியம் சல்ஃபேட், மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. கால்சியத்தை அவர் சேர்க்கவே இல்லை. லண்டன் குழாய்த் தண்ணீரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது, போதும் என்று விட்டுவிட்டார். அவர் வளர்த்த குளிர்கடல் உயிர்களுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

அப்படியென்றால் காஞ்சிபுரத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கலாமே? கடின நீர் என்றால் என்ன என்று பட்டுச் சாயம் போடுகிறவரிடம் கேட்டால் சொல்வார். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அதன் கோந்தை எடுக்கும்போது, தண்ணீர் கடினமாக இருந்தால் நுரை எழாது. நூலில் வெள்ளைப் பிசுக்கு ஒட்டும். அந்தப் பிசுக்கு கால்சியமும் சோப்பும் சேர்ந்தது. கால்சியம் வந்தால் பவளத்துக்கு நல்லதுதான். ஆனால் நிலத்தடி நீர் கால்சியத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா என்று பாசி வளர்க்கும் பொருள்களும் கூட வரும். அளவும் மழைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. இன்னொன்று, செம்பு. நம் வீட்டில் செப்புக் குடத்துத் தண்ணீர் ஆரோக்கியம் என்கிறோம். பவளத்துக்கும் இறாலுக்கும் கரைந்த செம்பு விஷம். பித்தளைக் குழாய், செப்புப் பாத்திரம் எதுவும் அந்த நீரைத் தொடக் கூடாது.

அதனால் எதுவுமே இல்லாத தண்ணீரில் தொடங்குவதே சரி. அதற்கு ஆர்.ஓ. வேண்டும், ஆனால் வீட்டில் இருக்கும் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரம் அப்படியே உதவாது. ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத நீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று பல இயந்திரங்களில் இருக்கும். தாது சேர்க்கும் குடுவையும் இருக்கும். அவற்றை விலக்கி, கடைசியில் அயனி நீக்கும் பிசின் குடுவை ஒன்றை மாட்டி, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை விட வேண்டும். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த நெம்மேலியில் 2013 முதல் கடலிலிருந்து உப்பை நீக்கிக் குடிநீர் எடுக்கிறார்கள். அதே வகை ஆர்.ஓ. சவ்வைக் கொண்டு நாம் இங்கே நன்னீர் எடுத்து அதில் உப்பைச் சேர்க்கிறோம்.

கேனை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போய் அசல் கடலையே மொண்டு வந்தால்? மண்டபம், தூத்துக்குடி ஆய்வு நிலையங்கள் கடல் நீரைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அவை கடலை ஒட்டி இருப்பவை. வடிகட்டித் தெளியவைத்து எடுப்பவை. நம் கரையோர நீர் ஐப்பசி, கார்த்திகையில் நீர்த்துப்போகும். நம் மழை மட்டுமல்ல, வங்கக் கடலின் வடக்கே பெரிய ஆறுகள் கொட்டிய நன்னீரும் அந்தப் பருவத்தில் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி வரும். கேனில் அடைத்த கடல் நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகவும் செய்யும். வாராவாரம் மாமல்லபுரம் போய் ஒரே தரத்தில் நீர் எடுத்து வர முடியாது. பவளம் கேட்பதோ ஒரே தரம்.

எனவே வாளி. எந்த வாளி? பிராண்டைக் கேட்காமல், கலக்கிய பிறகு என்ன வரும் என்று வாளியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். லிட்டருக்குக் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1,250 முதல் 1,350 என்ற அளவையொட்டியே நல்ல உப்புகள் பெரும்பாலும் இருக்கும். வேறுபாடு காரச் சேமிப்பில் இருக்கிறது. கடலில் அது, கே.ஹெச். என்று தொட்டிக்காரர்கள் சொல்லும் அளவுகோலில், 7 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ரெட் சீ என்ற ஒரே நிறுவனமே இரண்டு உப்பு விற்கிறது: ஒன்றில் சுமார் 8 டிகிரி, கோரல் ப்ரோ என்பதில் சுமார் 12. கூடுதல் என்றால் உயர்வு என்று கடையில் 12-ஐக் கையில் கொடுப்பார்கள். கல் கட்டும் பவளம் நிறைந்து, தினமும் உறிஞ்சிக்கொண்டிருக்கும் தொட்டிக்குத்தான் அது பொருந்தும். பிள்ளையார்பாளையத்துப் பையனைப்போல் வெறும் பாறையோடு தொடங்குகிறவர்களுக்கு 8 போதும் என்பது என் உறுதியான கருத்து. உறிஞ்ச ஆளில்லாத தொட்டியில் மிகையான கார்பனேட் மோட்டாரிலும் ஹீட்டரிலும் சுண்ணாம்பாகப் படிவதுதான் மிச்சம்.

அதைத் தடுத்து நிற்பது மக்னீசியம். கால்சியம் கார்பனேட் படிகம் ஒன்று வளர ஆரம்பித்தால், கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் மக்னீசியம் போய் உட்கார்ந்து வளர்ச்சியை முடக்கிவிடும். கடல் நீர் தாங்கும் அளவுக்கு மேல் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துக்கொண்டும் பாலாக வெளுக்காமல் தெளிந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மக்னீசியம் குறைந்த உப்பில் கால்சியமும் காரச் சேமிப்பும் ஒருசேர நிற்காது.

கலக்கும் முறையிலும் இதே வேதியியல் இருக்கிறது. தண்ணீரில் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அடியில் ஒரு கணம் கெட்டிக் கரைசல் உண்டாகி, கால்சியமும் கார்பனேட்டும் அங்கேயே கைகோத்து வெள்ளையாக இறங்கிவிடும். அது திரும்பக் கரையாது. காசு கொடுத்து வாங்கிய கால்சியம் வாளியின் அடியில் மாவாகக் கிடக்கும். காரச் சேமிப்பு அதிகமுள்ள உப்பைக் கலக்கி நாள்கணக்கில் வைக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களே சொல்வதும் இதனால்தான். வாளியைத் திறந்ததும் இறுக்கி மூடுங்கள். மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி மழையில் திறந்து வைத்த வாளி வெல்லம்போல் கட்டிப்போகும். கப்பால் அளக்காமல் தராசில் நிறுங்கள். பயணத்தில் குலுங்கிய வாளியில் பருமணல் போன்றது ஓரிடமும் மாவு போன்றது ஓரிடமும் ஒதுங்கியிருக்கும். ஆகவே முதலில் வாளியையே உருட்டிக் கலக்குங்கள்.

காஞ்சிபுரத்து மே மாத வெயிலில் தொட்டி நீர் கண்ணெதிரே இறங்கும். ஆவியாவது நன்னீர் மட்டும். உப்பு அங்கேயே இருக்கும். ரசம் கொதித்துச் சுண்டினால் கரிப்பதைப்போல. குறைந்த இடத்தை வெறும் ஆர்.ஓ. நீரால் நிரப்ப வேண்டும், உப்பு நீரால் அல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்.

பவளம் வளர ஆரம்பித்ததும் இன்னொரு கணக்கு வரும். ஒரு டிகிரி காரச் சேமிப்பைப் பவளம் எடுத்தால் கூடவே எடுக்கும் கால்சியம் லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான். 420-ல் 7 போனால் தெரியாது. 8-ல் 1 போனால் தெரியும். தறியில் பாவு பல நாள் வரும், நாடாவுக்குள் இருக்கும் ஊடைத் தார் சீக்கிரம் தீர்ந்துகொண்டே இருக்கும் என்று நெசவாளருக்குச் சொல்லவே வேண்டாம். அதனால் தினமும் பார்க்க வேண்டியது காரச் சேமிப்பை. சோதனை எளிது: சிறு குப்பியில் தொட்டி நீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாக மருந்து விட வேண்டும்; நீலம் சட்டென்று மஞ்சளாகத் திரும்பும் சொட்டின் எண்ணிக்கைதான் டிகிரி. நாள்தோறும் அரை டிகிரி குறைகிறது என்றால் வாரத்தில் மூன்றரை. பத்தில் ஒரு பங்கு தண்ணீரை 12 டிகிரி உப்பில் மாற்றினாலும் ஒரு டிகிரிகூடத் திரும்பி வராது. உப்பு தொடங்கி வைக்கும், தினப்படி ஊட்டாது. அந்த ஊட்டலுக்கு ஜெர்மனியின் தொட்டிக்காரர்கள் வழக்கமாக்கிய பொருள், தெளிந்த சுண்ணாம்பு நீர். நாம் ஊதிப் பார்த்தோமே, அதே நீர். கால்சியத்தையும் காரச் சேமிப்பையும் சரியான விகிதத்தில் ஒன்றாகத் தருவது அது. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பை ஊற்றாதீர்கள். ஆய்வகத் தூய்மையுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும், அதையும் துளித்துளியாகத்தான் விட வேண்டும்.

சுண்ணாம்பு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் பவளக் கல்லைப் பல பத்தாண்டுகள் உடைத்து எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினார்கள். தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையிலான 21 தீவுகளும் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாயின. 2001 ஜூலையில் கல் கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளம் வெளுத்தது.

அதனால் அந்தப் பையனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். தண்ணீரை ஒரு மாதம் கலக்கிப் பழகுங்கள். கால்சியம், மக்னீசியம், காரச் சேமிப்பு ஆகிய மூன்று எண்களையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எண்கள் அசையாமல் நிற்கும்போது பவளம் வாங்கப் போங்கள். போன இடத்தில் உப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் பவளம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்தது என்றால் அதற்கான ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். ராமேசுவரத்திலிருந்து வந்தது, ஆளைத் தெரியும் என்று யாராவது சொன்னால், வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.